கறுப்பினத்தவருக்குப் பெருங்குடல் புற்றுநோயில் இறப்பு அதிகம்: பழியை நோயெதிர்ப்பின் மேல் போடலாமா?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் கறுப்பினத்தவர்கள் பெருங்குடல் புற்றுநோயால் வெள்ளையினத்தவரைவிட அதிகமாக இறக்கிறார்கள் என்று படித்தேன். கட்டியை எதிர்க்கும் நோயெதிர்ப்பு சக்தி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு என்பதுதான் காரணமா? அப்படியென்றால் மருத்துவத்தால் என்ன செய்துவிட முடியும்?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டிக்குள் நடக்கும் நோயெதிர்ப்பில் வித்தியாசம் இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது பிறவியிலேயே வந்தது என்பதற்கு யாரும் ஆதாரம் காட்டவில்லை. இறப்பில் உள்ள இடைவெளியின் பெரும்பகுதியை அது விளக்கவும் இல்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில்: நிறைய செய்ய முடியும், ஒரு மாநிலம் செய்தே காட்டியிருக்கிறது.

இடைவெளி எவ்வளவு பெரியது? அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்குப்படி, கறுப்பினத்தவருக்கு இந்த நோய் வருவது சுமார் 20 சதவீதம் அதிகம், இதனால் இறப்பது சுமார் 40 சதவீதம் அதிகம். நடிகர் சாட்விக் போஸ்மன் 2020 ஆகஸ்டில் 43 வயதில் இறந்தபோதுதான் இது வீட்டுக்கு வீடு பேச்சானது. அவருக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டது 2016-ல், அப்போதே மூன்றாம் நிலை. அந்த நாளில் அறிகுறி இல்லாதவர்களும் இந்த நோய்க்குப் பரிசோதனை தொடங்க வேண்டும் என்று பொதுவாகச் சொன்ன வயது 50. அதை 45 ஆகக் குறைத்து அமெரிக்க அரசின் தடுப்பு மருத்துவக் குழு பரிந்துரைத்தது 2021-ல். குடல் மருத்துவர்களின் சங்கம் ஒன்று கறுப்பினத்தவருக்கு மட்டுமாவது 45-ல் தொடங்குங்கள் என்று 2009-லேயே சொல்லியிருந்தது. பலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மரபணுவா, உடம்பு வாகா என்று தேடப் போகுமுன் ஒரு பழைய கணக்கைப் பார்த்துவிட வேண்டும். இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப்படுவது அதுதான். 1960-லிருந்து 2005 வரை, பெருங்குடல் புற்றுநோயால் இறக்கும் வெள்ளையின ஆண்களின் விகிதம் 39 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் கறுப்பின ஆண்களின் விகிதம் 28 சதவீதம் கூடியது. பெண்களிடம் வெள்ளையினத்தவருக்கு 54 சதவீதம் குறைந்தது, கறுப்பினத்தவருக்கு 14 சதவீதம்தான் குறைந்தது. 1960-ல் கறுப்பின ஆண்களின் இறப்பு விகிதம் வெள்ளையினத்தவரைவிடக் குறைவாகவே இருந்தது. இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பிரிந்தது எண்பதுகளை ஒட்டித்தான். கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் குடலுக்குள் பார்ப்பது) பரவியது, பாலிப்பை (பின்னால் புற்றாகக்கூடிய சிறு வளர்ச்சியை) வெட்டி எடுப்பது சாதாரணமானது, அறுவைக்குப் பின் கீமோ கொடுத்தால் பலன் உண்டு என்று நிரூபணமானது, எல்லாம் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான்.

ஒரு சமூகத்தின் மரபணு இருபது, முப்பது ஆண்டுகளில் மாறிவிடாது. அதற்குள் மாறக்கூடியவை சாப்பாடு, வேலை, குடியிருக்கும் இடம், கையில் இருக்கும் காப்பீடு, எட்டும் தூரத்தில் இருக்கும் மருத்துவமனை. நோயைத் தடுக்கவும் குணப்படுத்தவும் வழி தெரியாதவரை எல்லோரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். வழி தெரிந்ததும் அது சிலருக்கு முதலில் கிடைத்தது, சிலருக்குத் தாமதமாகக் கிடைத்தது.

சரி, இப்போது நோயெதிர்ப்புக்கு வருவோம்.

பெருங்குடல் கட்டியின் ஒரு மெல்லிய சீவலை எடுத்து, சிடி8 என்ற அடையாளம் உள்ள டி செல்கள் (புற்றுச் செல்லைக் கொல்லக்கூடிய வெள்ளணுக்கள்) மட்டும் பழுப்பாகத் தெரியும்படி சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நோயாளிக்கு நோயாளி காட்சி மாறும். சிலருடைய கட்டியின் விளிம்பில், நல்ல திசுவும் கெட்ட திசுவும் முட்டிக்கொள்ளும் இடத்தில், பழுப்புப் புள்ளிகள் அடர்த்தியாக அப்பிக் கிடக்கும். சில உள்ளேயும் நுழைந்து சுரப்பிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். வேறு சிலருடையதில் புலம் முழுக்கத் தேடினாலும் அங்கொன்று இங்கொன்றுதான். இது வெறும் அழகியல் வித்தியாசம் இல்லை. பாரிஸில் ஜெரோம் கலோன் குழுவினர் 2006-ல் காட்டியது: கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எத்தனை நிணநீர்க் கணுவில் பரவியிருக்கிறது என்று பார்க்கும் வழக்கமான நிலைக் கணக்கைவிட, இந்தச் செல்கள் எத்தனை, எங்கே இருக்கின்றன என்பது நோயாளியின் எதிர்காலத்தை நன்றாகச் சொல்கிறது. அதையே மதிப்பெண்ணாக்கி, 13 நாடுகளில் 2,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2018-ல் உறுதி செய்தார்கள்.

செல் அங்கே இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்ய வேண்டும். டி செல் புற்றுச் செல்லைக் கொல்லும்போது முதலில் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அதன் சவ்வில் துளை போடுகிறது, அந்தத் துளை வழியாக கிரான்சைம் பி என்ற நொதியை உள்ளே அனுப்புகிறது. அது உள்ளே போனதும் புற்றுச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. ஆகவே கட்டியில் கிரான்சைம் பி உள்ள செல்களை எண்ணினால், துப்பாக்கியோடு நிற்பவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்.

2016-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதைத்தான் எண்ணியது. டிஎன்ஏ பழுது நீக்கும் அமைப்பு கெடாத, அதாவது சாதாரண வகைப் பெருங்குடல் கட்டிகளில், கறுப்பின நோயாளிகளிடம் கிரான்சைம் பி உள்ள செல்கள் வெள்ளையின நோயாளிகளைவிடக் குறைவாக இருந்தன. 2020-ல் வந்த வேறொரு குழுவின் ஆய்விலும், நோயெதிர்ப்போடு தொடர்புள்ள மரபணுக்களின் செயல்பாடும், நோயெதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் சைட்டோகைன் புரதங்களின் சுரப்பும் கறுப்பின நோயாளிகளின் கட்டிகளில் குறைந்திருந்தன. உங்கள் கேள்விக்கு விதை இப்படிப்பட்ட ஆய்வுகளாகத்தான் இருக்கும்.

இவற்றை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனால் படிக்கும்போது இரண்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இவை சின்ன ஆய்வுகள், ஓரிரு மருத்துவமனைகளில் சேர்த்த திசுக்கள். இரண்டு, கட்டிக்குள் எத்தனை டி செல் இருக்கிறது என்பது நோயாளியின் வாழ்க்கை முழுவதன் விளைவு. குடலில் குடியிருக்கும் பாக்டீரியா, உடல் பருமன், நீரிழிவு, கட்டி குடலின் எந்தப் பக்கத்தில் வந்தது, எவ்வளவு காலம் கண்டுபிடிக்கப்படாமல் வளர்ந்தது, எல்லாம் அந்த எண்ணிக்கையை மாற்றும். விண்ணப்பத்தில் "கறுப்பினம்" என்று டிக் அடித்த பெட்டியை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இவை அத்தனையும் அந்த ஒரு பெட்டிக்குள் அடைபட்டுவிடும். போதாததற்கு, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வம்சாவளியில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு ஐரோப்பியம்.

குடல் பாக்டீரியாவைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயெதிர்ப்பும் வாழ்க்கைமுறையும் கைகோக்கும் இடம் அது. ஃபூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்று வாயில் வசிக்கும் ஒரு பாக்டீரியா உண்டு. பல பெருங்குடல் கட்டிகளுக்குள் அது புகுந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் மேற்பரப்பில் உள்ள ஃபேப்2 என்ற புரதம், டி செல்களிலும் இயற்கைக் கொல்லி செல்களிலும் இருக்கும் டிஜிட் என்ற தடைப் பூட்டை அழுத்திவிடுகிறது, செல்கள் செயலிழந்து நிற்கின்றன. இது 2015-ல் வெளியான கண்டுபிடிப்பு. அப்புறம், இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த உணவில் செழித்து வளர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை உற்பத்தி செய்யும் பாக்டீரியாக்கள். இவை கறுப்பின அமெரிக்கர்களின் குடலில் கூடுதலாக இருப்பதை 2017-ல் ஒரு ஆய்வு காட்டியது. அந்த வாயு குடலின் உட்சுவரை அரிக்கும், டிஎன்ஏவைச் சேதப்படுத்தும்.

இதெல்லாம் மாற்ற முடியாத விதியா? ஸ்டீபன் ஓகீஃப் குழுவினர் ஒரு வேடிக்கையான பரிசோதனை செய்தார்கள், 2015-ல் வெளிவந்தது. பிட்ஸ்பர்கில் வசிக்கும் 20 கறுப்பின அமெரிக்கர்கள், தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் கிராமங்களில் வசிக்கும் 20 பேர். இரண்டு வாரத்துக்குச் சாப்பாட்டை மாற்றிப் போட்டார்கள். அமெரிக்கர்களுக்கு மக்காச்சோளக் களி, பீன்ஸ் சூப், கீரை, மாம்பழத் துண்டு. ஆப்பிரிக்கர்களுக்குப் பர்கர், சாசேஜ், உருளைக்கிழங்கு வறுவல். அமெரிக்கர்களின் நார்ச்சத்து நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக ஏறியது, ஆப்பிரிக்கர்களுடையது 66-லிருந்து 12-க்கு விழுந்தது. இரண்டே வாரம். களி சாப்பிட்ட அமெரிக்கர்களின் குடல் சுவரில் அழற்சி குறைந்தது, செல்கள் அளவுக்கு மீறிப் பெருகும் வேகம் குறைந்தது, குடலைக் காக்கும் பியூட்டிரேட் இரண்டரை மடங்கானது. பர்கர் சாப்பிட்ட கிராமத்தார்களுக்கு எல்லாம் தலைகீழ்.

இரு தரப்பும் ஆப்பிரிக்க வம்சாவளி. ஆனால் அந்தத் தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் பெருங்குடல் புற்றுநோய் லட்சத்தில் ஐந்து பேருக்குக்கூட வருவதில்லை. ஆய்வு நடந்த காலத்தில் கறுப்பின அமெரிக்கர்களிடம் அது லட்சத்துக்கு 65. அமெரிக்காவிலேயே இந்த நோய் மிக அதிகமாக வருவது கறுப்பினத்தவருக்கும் இல்லை, அலாஸ்காவின் பூர்வகுடிகளுக்கு. தோல் நிறத்தை வைத்துக் கதை கட்டுகிறவர்கள் இந்த இரண்டு தகவலையும் எப்படிச் சமாளிப்பார்கள் என்று தெரியவில்லை.

அழற்சிக்கும் கட்டியின் மரபணுவுக்கும் நேரடித் தொடர்பைக் காட்டிய வேலையும் ஒன்று உண்டு. ஜான் கரெதர்ஸ் குழுவினர் இமாஸ்ட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு டிஎன்ஏ கோளாறைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். நாள்பட்ட அழற்சியில் இன்டர்லூக்கின்-6 என்ற பொருள் ஏறும்போது, டிஎன்ஏ பழுது பார்க்கும் எம்எஸ்எச்3 புரதம் செல்லின் உட்கருவை விட்டு வெளியே போய்விடுகிறது. பழுது பார்ப்பவர் இல்லாத நேரத்தில் பிழைகள் சேர்கின்றன. மலக்குடல் கட்டிகளில் இந்தக் கோளாறு கறுப்பினத்தவரிடம் கூடுதலாகக் காணப்பட்டது. அதாவது கட்டியின் மரபணுவில் தெரியும் இன வித்தியாசம்கூட, பெற்றோரிடமிருந்து வராமல் அழற்சியிலிருந்து வந்திருக்க முடியும்.

பிறப்பிலேயே வரும் வித்தியாசம் ஒன்றுமே இல்லையா என்றால், ஒன்று நிச்சயம் இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. கறுப்பின அமெரிக்கர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்குச் சிவப்பணுக்களில் டஃபி என்ற புரதம் இருக்காது. ஒருவகை மலேரியாவிலிருந்து தப்பிக்க ஆப்பிரிக்காவில் தேர்வாகி நிலைத்த மாற்றம் அது. இதன் பக்க விளைவு, ரத்தத்தில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் சற்றுக் குறைவாகத் தெரியும். அவர்களுக்குத் தொற்று அதிகம் வருவதில்லை, எலும்பு மஜ்ஜையிலும் குறை இல்லை. ஆனால் ஆய்வகத்தில் "இயல்பு" என்று அச்சிடப்பட்ட எல்லை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை அளந்து வைத்தது. பல மருந்துப் பரிசோதனைகள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500 நியூட்ரோஃபில் இருந்தால்தான் சேர்த்துக்கொள்ளும். கீமோ கொடுக்கும்போதும் எண்ணிக்கை எல்லைக்குக் கீழே போனால் அந்தச் சுற்றைத் தள்ளிப் போடுவார்கள், அல்லது அளவைக் குறைப்பார்கள். ஆரோக்கியமான ஒருவரின் சாதாரண எண்ணிக்கை, அவருக்கே மருந்தைக் குறைக்கக் காரணமாகிவிடுகிறது. இங்கே கோளாறு அளவுகோலில்.

கட்டியின் மரபணுவிலும் வித்தியாசங்கள் உண்டு. மூன்றாம் நிலை நோயாளிகளிடம் நடந்த ஒரு பெரிய அமெரிக்க மருந்துப் பரிசோதனையில், கேராஸ் என்ற மரபணுவில் மாற்றம் கறுப்பினத்தவரில் சுமார் 44 சதவீதம் பேருக்கும் வெள்ளையினத்தவரில் சுமார் 35 சதவீதம் பேருக்கும் இருந்தது. அந்த மாற்றம் இருந்தால் செடுக்சிமாப் போன்ற மருந்து வேலை செய்யாது. இது சிகிச்சைத் தேர்வைப் பாதிக்கும் உண்மையான வித்தியாசம்தான். ஆனால் 40 சதவீத இறப்பு இடைவெளியை இதன் தலையில் கட்ட முடியாது.

அப்படியானால் அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? 2012-ல் ஆய்வாளர்கள் கணினியில் ஒரு மாதிரிக் கணக்கு போட்டார்கள். நோய் வருவதில் உள்ள வித்தியாசத்தில் 42 சதவீதத்தைப் பரிசோதனை செய்துகொள்வதில் உள்ள ஏற்றத்தாழ்வே விளக்கியது. இறப்பு வித்தியாசத்தில் 19 சதவீதம் பரிசோதனையால், இன்னொரு 36 சதவீதம் ஒரே நிலையில் கண்டுபிடித்த பிறகும் பிழைப்பதில் உள்ள வித்தியாசத்தால். இந்தப் பிந்தைய வித்தியாசத்தில் காப்பீட்டுக்குப் பெரிய பங்கு. 65 வயதுக்குக் கீழானவர்களை மட்டும் எடுத்துப் பார்த்த 2018 ஆய்வில், உயிர் பிழைப்பதில் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதியைக் காப்பீடு ஒன்றே விளக்கியது. பரிசோதனை செய்துகொண்டால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. கறுப்பின நோயாளிகள் போகும் மருத்துவர்கள், பாலிப்பைக் கண்டுபிடிக்கும் விகிதத்தில் பின்தங்கியவர்களாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று 2017-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆய்வில், கொலனோஸ்கோபி செய்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பப்பட்டவர்களுக்கு அடுத்த பரிசோதனைக்கு முன்பே புற்றுநோய் வருவதும் கறுப்பினத்தவரிடம் அதிகம்.

இப்போது டெலவேர். அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலங்களில் ஒன்று. 2002 வாக்கில் அந்த மாநில அரசு ஒரு திட்டம் தொடங்கியது. காப்பீடு இல்லாதவர்களுக்கும் கொலனோஸ்கோபி இலவசம், புற்றுநோய் என்று தெரிந்தால் சிகிச்சைச் செலவும் அரசுடையது. ஊரில் உள்ள மருத்துவமனைகளில் வழிகாட்டி நர்ஸ்களை வைத்தார்கள். தேதி வாங்கிக் கொடுப்பது, குடல் சுத்தம் செய்யும் மருந்தை எப்படிக் குடிப்பது என்று சொல்வது, போக வர வண்டி ஏற்பாடு செய்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கறுப்பினத்தவருக்கென்று தனியாகப் பிரசாரமும் செய்தார்கள். 2009-க்குள் பரிசோதனை செய்துகொண்ட கறுப்பினத்தவர் 48 சதவீதத்திலிருந்து 74 சதவீதமாக உயர்ந்தனர், வெள்ளையினத்தவரோடு சமம். முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவது பாதியாகக் குறைந்தது. கறுப்பினத்தவரின் இறப்பு விகிதம் லட்சத்துக்கு 31-லிருந்து 18-க்கு இறங்கி, வெள்ளையினத்தவரின் விகிதத்தைத் தொட்டது. ஏழெட்டு வருடத்தில். வட கலிபோர்னியாவில் கைசர் பெர்மனன்டே என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் தன் உறுப்பினர்களுக்கு மலப் பரிசோதனைப் பெட்டியைத் தபாலிலேயே அனுப்பி, பரிசோதனை விகிதத்தைச் சுமார் 40-லிருந்து 80 சதவீதமாக்கியபோதும் இறப்பு இடைவெளி ஏறக்குறைய மறைந்தது. அங்கே யாருடைய டி செல்லையும் யாரும் தொடவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நோயெதிர்ப்பு ஆய்வே வீண் என்று நான் சொன்னால் அது தவறு. எனக்கு இருக்கும் கவலை வேறு. எண்பதுகளில் நடந்ததே இம்யூனோதெரபியில், அதாவது நோயெதிர்ப்பைத் தூண்டிவிட்டுக் கட்டியைத் தாக்கவைக்கும் சிகிச்சையில், மறுபடி நடக்கலாம். பெருங்குடல் கட்டிகளில் சுமார் 15 சதவீதம், டிஎன்ஏ பழுது நீக்கும் அமைப்பு கெட்டுப்போன வகை. பிழைகள் ஏராளமாக இருப்பதால் நோயெதிர்ப்பு செல்களுக்கு அவை எளிதில் கண்ணில் படும். இந்த வகை பரவிய பிறகு, கீமோவுக்குப் பதில் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கொடுத்தால் நோய் கட்டுக்குள் இருந்த காலம் 8.2 மாதத்திலிருந்து 16.5 மாதமானது. 2020-ல் அது முதல் சிகிச்சையாகவே அனுமதிக்கப்பட்டது. நெதர்லாந்தில் அறுவைக்கு முன்பே இரண்டு நோயெதிர்ப்பு மருந்துகளைச் சில வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளிடம் வெட்டி எடுத்த குடலில் உயிருள்ள புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை.

ஆனால் இந்த மருந்துகளை நிரூபித்த பரிசோதனைகளில் கறுப்பினத்தவர் சொற்பம். மருந்துக்குத் தகுதியான இந்த வகைக் கட்டி அவர்களிடம் எவ்வளவு என்பதில்கூட ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை: சிலவற்றில் குறைவு, சிலவற்றில் சமம். மீதி 85 சதவீதக் கட்டிகளில் இம்யூனோதெரபி இன்னும் பெரிதாக எடுபடவில்லை. அவற்றுக்குள் நோயெதிர்ப்பைத் தட்டி எழுப்பும் வழியைத் தேடும் ஆய்வுகளில், கிரான்சைம் குறைவாகத் தெரிந்த அந்த நோயாளிகளின் திசுக்களும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் நாளை வரும் மருந்து யாருடைய கட்டியைப் பார்த்துச் செய்யப்பட்டதோ அவர்களுக்குத்தான் முதலில் வேலை செய்யும். 2016 ஆய்வின் உண்மையான பயன் அங்கேதான் என்பது என் கருத்து.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள் என்பதால் இரண்டு காரியம். 45 ஆகிவிட்டால், எந்த இனமானாலும், மலப் பரிசோதனையோ கொலனோஸ்கோபியோ ஏதாவது ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் 40 வயதிலேயே, அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே, இரண்டில் எது முந்தியதோ அப்போது. அப்புறம், வீட்டில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் உறுதியானால், பயாப்ஸி அறிக்கையில் எம்எம்ஆர் அல்லது எம்எஸ்ஐ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். டிஎன்ஏ பழுது நீக்கும் அமைப்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்கும், எல்லா நோயாளிக்கும் செய்ய வேண்டிய சோதனை அது. அந்த வரி இல்லையென்றால், கீமோ தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.